சிவகாசிக்கும் எழும்பூருக்கும் நடுவே: அரூப வண்ணக் கல்லச்சு

திருச்சியில் அச்சடித்த படம் மாட்டாத வீடு இல்லை. திருவரங்கத்துச் சித்திரை வீதியில் பள்ளிகொண்ட பெருமாள், மலைக்கோட்டை அடிவாரத்தில் தாயுமானவர், ஊரெங்கும் சமயபுரத்தாள், பாலக்கரையில் வேளாங்கண்ணி மாதா. இந்தப் படங்களை நம் சுவருக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம் முதலில் கல்லச்சு. அதே கல்லச்சில் ஒரு நவீன ஓவியர் உருவம் எதையும் வரையாமல், வண்ணத்தையும் கோட்டையும் மட்டும் வைத்து எடுத்து, பென்சிலால் கையொப்பமிட்ட அச்சோவியம் ஒன்று மாட்டிய வீட்டை இங்கே தேடிப்பிடிப்பது அரிது. "நம்ம ஜனங்களுக்கு மாடர்ன் ஆர்ட் புரியாது" என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. சோம்பேறித்தனமான பதில் அது. புரிகிறதா இல்லையா என்று சோதிக்க வேண்டுமானால் முதலில் படம் கண்ணில் பட வேண்டும். ஏன் படவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கான விடை ரசனையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அச்சுத் தொழிலும் ஓவியக் கல்வியும் தமிழ்நாட்டில் எப்படித் தனித்தனியாக வளர்ந்தன என்ற வரலாற்றில் இருக்கிறது.

கல்லச்சு ஓவியனின் கண்டுபிடிப்பு அல்ல. 1796ஐ ஒட்டி மியூனிக் நகரில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடகாசிரியர், தன் நாடகங்களை மலிவாக அச்சடிக்க வழி தேடிக் கண்டுபிடித்தது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டியெடுக்கும் வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப்பசை கொண்ட கிரேயானாலோ மையாலோ வரைகிறார்கள். கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த அரபிப் பிசினில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து மேலே பூசுகிறார்கள். வரைந்த இடம் எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது, வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இடம் வலம் மாறி வந்துவிடும். செதுக்குவது, அரிப்பது எதுவும் இல்லை. மரச்செதுக்கில் உளி தடுக்கும், செப்புத் தகட்டில் அமிலம் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். கல்லச்சிலோ கை போன போக்கு அப்படியே பதிவாகிறது. கிரேயானை அழுத்தியதும் விட்டதும், தண்ணீர் கலந்த மை காய்ந்த விளிம்பில் விழும் நுண்ணிய வலைப்பின்னலும்கூட அச்சில் வரும்.

வண்ணம் வேண்டுமென்றால் வேலை பெருகுகிறது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல், அல்லது ஒரு துத்தநாக, அலுமினியத் தகடு. ஐந்து வண்ணமென்றால் ஐந்து முறை வரைந்து, அதே காகிதத்தை ஐந்து முறை அச்சியந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். மஞ்சளுக்கு மேல் நீலம் விழுந்தால் பச்சை; நீலத்துக்கு மேல் மஞ்சள் விழுந்தால் அது வேறு பச்சை. எந்த வண்ணம் முதலில் போகும் என்பதே ஓவியம் எப்படி ஆகும் என்பதைத் தீர்மானிக்கிறது. தைலவண்ண ஓவியர் திரைச்சீலை முன் நின்று, வந்ததைப் பார்த்து மாற்றிக்கொண்டே போகலாம். கல்லச்சில் முழுப்படம் கடைசிக் கல் அடிக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. மனத்திலேயே வண்ணங்களைப் பிரித்து, மனத்திலேயே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உருவப் படத்தில் இந்த அடுக்குகள் மறைந்துவிடும். பெருமாளின் பட்டுப் பீதாம்பரத்தைப் பார்க்கிறவர் அதற்குள் எத்தனை மஞ்சள், எத்தனை பழுப்பு என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். எண்ண வைத்தால் அச்சகம் தோற்றுவிட்டது என்று பொருள். அரூபப் படத்தில் நிலைமை தலைகீழ். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அடுக்குகளே விஷயமாகின்றன. எது அடியில் இருக்கிறது, எது மேலே மிதக்கிறது, எங்கே இரண்டு கற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மூன்றாவதாக ஒரு நிறத்தைப் பெற்றிருக்கின்றன என்று கண் அலையத் தொடங்கும். அரூபமும் வண்ணக் கல்லச்சும் இருபதாம் நூற்றாண்டில் ஒன்றையொன்று தேடிக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1922இல் ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் இருந்தபோது வெளியிட்ட "சிறிய உலகங்கள்" என்ற 12 அச்சோவியங்களின் தொகுப்பில் வண்ணக் கல்லச்சுகளும் உண்டு. வட்டமும் சாய்கோடும் கட்டங்களும் தனித்தனிக் கல்லிலிருந்து வந்து ஒரே தாளில் மோதிக்கொள்கின்றன. ஒரு தூரிகை ஒரே மூச்சில் செய்திருந்தால் அந்த மோதல் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

மேற்கில் இந்த இணைவு எங்கே நடந்தது என்பது நமக்கு முக்கியம். ஓவியக் கல்லூரிகளில் அல்ல, அச்சகங்களில். பாரிஸில் மூர்லோ குடும்பத்தின் அச்சகம் சுவரொட்டியும் வணிக லேபிளும் அடித்துப் பிழைத்த இடம். 1945 நவம்பரில் பிக்காசோ அங்கே போய் மாதக்கணக்கில் உட்கார்ந்து கல்லில் வரைந்தார். அங்கிருந்த அச்சுத் தொழிலாளர்கள் "இப்படிச் செய்தால் கல் கெட்டுவிடும்" என்று சொன்னதையெல்லாம் அவர் செய்து பார்த்தார். ஓவியர்கள் மிரோவும் ஷகாலும் அந்த அச்சகத்துக்கு வந்தார்கள். அமெரிக்காவில் 1957இல் தத்யானா கிராஸ்மன் லாங் ஐலண்டில் தன் வீட்டிலேயே கல்லச்சுப் பட்டறை தொடங்கினார். கல்லச்சு தெரிந்த கைகள் அந்த நாட்டில் அருகி வருவதைக் கண்ட ஓவியர் ஜூன் வெய்ன், 1960இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் லாஸ் ஏஞ்சலஸில் டாமரிண்ட் பட்டறையை நிறுவினார். அவருடைய நோக்கம் ஓவியர்களுக்கு இடம் கொடுப்பது மட்டுமல்ல, ஓவியரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்த அச்சுக் கலைஞர்களை உருவாக்குவது. 1970இல் அந்தப் பட்டறை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. இந்தப் பெயர் நம் கதையில் மறுபடி வரும்.

இனி நம் ஊர். திருச்சிக்கு அச்சோவியத்தோடு உறவு புதிதல்ல. 1792இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இங்கே வந்து வரைந்ததன் அடிப்படையில், காவிரியிலிருந்து பார்த்த மலைக்கோட்டைக் காட்சி லண்டனில் அக்வாடின்ட் என்ற செப்புத் தகட்டு முறையில் அச்சாகி, அவர்களுடைய "ஓரியண்டல் சீனரி" தொகுப்பில் இடம்பெற்றது. வெளிநாட்டார் கண்ணில் திருச்சி என்றால் அந்தப் பாறை என்று ஆனதில் அந்த அச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த ஓவியர்கள் அபிரகத் தகடுகளில் சாதி, தொழில், தெய்வம், ஊர்வலம் என்று சிறு சிறு படங்களாக வரைந்து வெள்ளைக்காரர்களுக்குக் கட்டுக்கட்டாக விற்றார்கள். முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகியவற்றோடு திருச்சியும் அபிரக ஓவியத்துக்குப் பேர்போன மையம். அவை அச்சு அல்ல, கையால் எழுதியவை. ஆனால் வேலை அச்சுக்கூட வேலைதான்: அதே படம், அதே வரிசை, மறுபடி மறுபடி. 1858இல் லின்னேயஸ் டிரைப் திருச்சியைப் புகைப்படமெடுத்துத் தொகுப்பாக வெளியிட்டார். நினைவுப் பொருளாகப் படம் வாங்குகிறவர்கள் மெல்லப் புகைப்படத்தின் பக்கம் சாய்ந்தார்கள்.

தமிழில் கல்லச்சின் தொடக்கம் சற்று விசித்திரமானது. வட இந்தியாவில் உருது, பாரசீக நூல்களைக் கல்லில்தான் அடித்தார்கள். அவற்றை எழுதும் நஸ்தலீக் எழுத்தின் வளைவு ஈய எழுத்துக்கு வசப்படவில்லை. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஈய எழுத்து போதுமானதாக இருந்தது. ஆகவே தமிழ் நூலுலகில் கல்லச்சு பெரிதும் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களோடு நின்றுகொண்டது. மற்றவர்களுக்கு அது படம் அடிக்கிற வழியாக மட்டுமே வந்து சேர்ந்தது. எழுதுகிறவன், படிக்கிறவன், புத்தகம் போடுகிறவன் என்ற வட்டத்துக்குள் கல் நுழையவேயில்லை. பின்னாளில் சிற்றிதழ்க்காரர்கள் நவீன ஓவியத்தை ஆர்வத்தோடு வரவேற்றபோதும், அவர்களுக்குக் கோட்டோவியத்தை பிளாக் எடுத்து அடிக்கத் தெரிந்ததே தவிர, கல்லச்சு என்ற ஒன்று மனத்தில் வரவில்லை.

1894இல் ரவிவர்மா மும்பையில் ஜெர்மானியத் தொழில்நுட்பர்களை வைத்து அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் சேஷ நாராயணரும் பல வண்ணக் கல்லச்சில் நாடெங்கும் போனார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பட்டாலையில் அவை ஜெர்மனியிலிருந்து வந்த படங்களோடு வரிசையாகத் தொங்கின. அதன்பின் தெற்கே சிவகாசி எழுந்தது. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், நாட்காட்டி, சினிமா போஸ்டர் என்று ஊரே அச்சகமாயிற்று. ஓரியண்ட் லித்தோ பிரஸ், கரோனேஷன் லித்தோ ஒர்க்ஸ் என்று பெயரிலேயே கல்லைச் சுமந்த நிறுவனங்கள் அங்கே தோன்றின. ஆஃப்செட்டும் புகைப்பட முறையும் முழுதாக ஆக்கிரமிப்பதற்கு முன்பு, போஸ்டர் ஓவியர்கள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகக் கையால் தகடு எழுதினார்கள். சிவப்புக்கு எவ்வளவு, மஞ்சளுக்கு எவ்வளவு, இரண்டும் சேர்ந்தால் கதாநாயகியின் கன்னம் என்ன நிறமாகும் என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். பாரிஸ் மூர்லோவில் பிக்காசோவுக்கு உதவியவர்களின் திறமைக்கு இது ஒரு படி குறைந்ததல்ல. பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்தக் கைகள் இருந்த அதே காலத்தில் சென்னையில் நவீன ஓவியம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய எழும்பூர்ப் பள்ளி (இன்றைய ஓவியக் கல்லூரி) தொழிற்கலைப் பள்ளியாகத்தான் நெடுங்காலம் இயங்கியது. தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் தலைமையில் அது ஓவிய, சிற்பப் பள்ளியாகத் திரும்பியது. 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அதை நவீனத்துக்குள் கொண்டுவந்தார். 1966இல் சோழமண்டலம் கலைக்கிராமம் தோன்றியது. தொழிற்பள்ளி என்ற பழைய அடையாளத்தைக் கழற்றி எறிவதில் அந்தத் தலைமுறைக்கு ஒரு வேகம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் எறிந்த மூட்டைக்குள் சிவகாசியும் போய்விட்டது. காலண்டர் படம் என்பது ஓவிய மாணவனுக்கு வசைச்சொல்லாயிற்று.

இரண்டு உலகங்களும் ஒருமுறை ஒரே மனிதரில் சந்தித்தன. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் ஏறித் தமிழ்நாட்டின் எல்லாப் பூஜையறைக்கும் போயின. எழும்பூரிலிருந்து தெற்கே போன பாதை அது ஒன்றுதான், அதுவும் ஒருவழிப் பாதை. அவர் திரும்பி வரவில்லை. கல்லூரி அவரைத் தன்னவர் என்று நெடுங்காலம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எழும்பூரில் ரயிலேறினால் திருச்சி வழியாக ஒரே வண்டியில் சிவகாசிக்குப் போய்விடலாம். ஒரு பணிக்கரோ அதே கல்லூரியின் ஓவியர் சந்தானராஜோ அப்படிப் போய், அங்கே மூலையில் கிடந்த ஒரு கல்லில் ஒரு வாரம் வரைந்திருந்தால் என்ற கற்பனை எனக்கு அடிக்கடி வருவதுண்டு. வங்காளத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று முன்பே நடந்திருக்கிறது. ககனேந்திரநாத் தாகூர் 1917ஐ ஒட்டி ஜோராசாங்கோ வீட்டில் சொந்தமாகக் கல்லச்சு இயந்திரம் வைத்துத் தன் கேலிச்சித்திரத் தொகுப்புகளை அச்சிட்டார். பின்னால் சாந்திநிகேதனில் அச்சோவியம் பாடமாகவே வேரூன்றியது.

தெற்கிலிருந்து உலக அளவில் வண்ண அச்சோவியத்தில் பெயர் பெற்றவர் சித்தூர்ப் பக்கத்து கிருஷ்ண ரெட்டி. 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். பிறகு பாரிஸில் அச்சோவியர் ஹெய்ட்டரின் அட்லியே 17 பட்டறையில், ஒரே உலோகத் தகட்டில் வெவ்வேறு பிசுபிசுப்புள்ள மைகளை வெவ்வேறு இறுக்கமுள்ள உருளைகளால் ஏற்றி, எல்லா வண்ணத்தையும் ஒரே அழுத்தத்தில் எடுக்கும் முறையை வளர்த்ததில் முன்நின்றார். கல்லச்சுக்கு இது நேர் எதிர். கல்லச்சு வண்ணங்களைப் பிரித்து வைத்துப் பின்னர் சேர்க்கிறது, இது முதலிலேயே எல்லாவற்றையும் ஒரு தகட்டில் சண்டையிட விடுகிறது. 1960களுக்குப் பிறகு இந்தியாவில் அச்சோவியம் செய்ய வந்த இளைஞர்களில் பலர் கல்லைவிட உலோகத் தகட்டை நாடியதற்கு அவருடைய செல்வாக்கும் ஒரு காரணம்.

கல்லை நாடிப் போன தமிழர்களில் முக்கியமானவர் ஆர்.எம். பழனியப்பன். 1957இல் தேவகோட்டையில் பிறந்தவர், சென்னைக் கல்லூரியில் படித்தவர். 1991இல் ஃபுல்பிரைட் உதவியில் டாமரிண்ட் நிறுவனத்துக்குச் சென்று கல்லச்சில் உயர்பயிற்சி பெற்றார். "ஏலியன் பிளானட்", "ஃப்ளையிங் மேன்" போன்ற அவருடைய பெயர்பெற்ற வரிசைகளில் உலோகத் தகட்டு முறைகளின் ஆட்சிதான் அதிகம். ஆனாலும் அவருடைய மனம் கல்லச்சுக்கு ஏற்றது. வானிலிருந்து பார்த்த நிலம், பறக்கும் பாதை, அளவுகோல், எண், தேதி, எங்கோ தொடங்கி எங்கோ அறுந்துபோகும் கோடு: இவையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் வேறு நேரத்தைச் சேர்ந்தவைபோலப் படிந்திருக்கும். காலத்தை அடுக்காகப் பார்க்கிறவருக்கு, அடுக்கடுக்காக அச்சேறும் ஊடகம் வேறு எதைவிடவும் பொருந்தும். ரவிவர்மா படங்கள் வரிசையாகத் தொங்கிய செட்டிநாட்டிலிருந்து இப்படி ஒருவர் வந்திருப்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும் அந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்கப் பட்டறைக்குப் போய்க் கற்க வேண்டியிருந்த வித்தையின் வணிக வடிவம், தேவகோட்டையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் சிவகாசியில் இருந்தது. இந்தக் கட்டுரையின் மொத்த வாதமும் அந்த இடைவெளிதான்.

திருச்சி மாவட்டத்துக்கே உரிய அரூப ஓவியர் என்றால் கே.எம். ஆதிமூலம் (1938–2008). துறையூர்ப் பக்கம் கீராம்பூர் விவசாயக் குடும்பம். 1966இல் சென்னைக் கல்லூரிப் படிப்பை முடித்தார். காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களும், சிதைந்த மகாராஜாக்களும், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு வரைந்த படங்களும், சிற்றிதழ் அட்டைகளும் அவரைத் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமாக்கின. நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றியவர். பிறகு கோட்டை ஓரமாக வைத்துவிட்டு, தைலவண்ணத்தைக் கத்தியால் அப்பி, வெளி, மண், நீர் என்று சொல்லும்படியான பெரிய வண்ணப் பரப்புகளுக்குள் போனார்.

அவருடைய வண்ண ஓவியங்களைக் கல்லச்சில் கற்பனை செய்து பார்த்தால் அவை உயிர்விடும் என்பது என் எண்ணம். அவற்றின் உயிர் வண்ணத்தின் தடிப்பில் இருக்கிறது. கல்லச்சு மை காகிதத்தோடு படிந்து தட்டையாகிவிடும். ஆஃப்செட்டில் புத்தக அட்டையாக வந்த அவருடைய வண்ணப் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். ஆனால் அந்த மகாராஜாக்கள்! பேனா கிறுக்கிக் கிறுக்கி இருட்டை எழுப்பும் அந்த முறை கல்லுக்காகவே பிறந்ததுபோல இருக்கிறது. அவர் கோட்டிலிருந்து வண்ணத்துக்குப் போன வழியின் நடுவே ஒரு கல்லச்சுப் பட்டறை அவருக்குக் கிடைத்திருந்தால், கோட்டைக் கைவிடாமலே வண்ணத்துக்குள் போகும் இன்னொரு ஆதிமூலம் நமக்குக் கிடைத்திருக்கலாம்.

அரூபம் நம் மரபிலேயே இருக்கிறது, கோலத்தைப் பாருங்கள் என்று சொல்வது இப்போது வாடிக்கையாகிவிட்டது. கண்காட்சிக் கையேடுகளில் கோலமும் யந்திரமும் வராத பக்கம் குறைவு. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். கோலத்துக்கு வாசல் உண்டு, விதி உண்டு, நாள் கிழமை உண்டு. கையொப்பமிட்டுச் சட்டத்துக்குள் போகும் தாளுக்கு அவை எதுவும் இல்லை. ஒன்று மற்றதன் மூலம் என்று சொல்வது மரியாதை போலத் தோன்றினாலும் இரண்டையும் குறைக்கிறது. சம்மதமான பாதி இது: மார்கழியில் திருவரங்கத்து உத்திர வீதியில் எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்க்கும் மாமி, "இது என்ன படம்?" என்று கேட்பதில்லை. புள்ளி இடைவெளி சீராக இருக்கிறதா, இழை எங்கே பிசகியது, செம்மண் அளவாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். ராஜகோபுரத்தின் அத்தனை வண்ணத்தையும் பார்த்துவிட்டு உள்ளே நடந்து கிழக்கே வெள்ளைக் கோபுரத்தைக் காணும் யாரும், அதற்கு ஏன் வர்ணம் அடிக்கவில்லை என்று சண்டைக்குப் போவதில்லை. பொருள் கேட்காமல் வடிவத்தைத் தீர்ப்பிடும் கண் இங்கே இருக்கிறது. கேலரிக்குள் நுழைந்ததும் அந்தக் கண்ணை வாசலில் விட்டுவிட வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைத் துணுக்குகளில் நவீன ஓவியத்தைத் தலைகீழாக மாட்டிய ஜோக்குகளுக்கு அதில் பங்கு உண்டு. உண்மையிலேயே அப்படி நடந்திருக்கிறது: 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஓவியர் மத்தீஸின் "படகு" 47 நாட்கள் தலைகீழாகத் தொங்கியது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பார்க்க வந்த ஒரு பெண்மணி, நிபுணர் அல்ல. ஜோக்கின் கடைசி வரி எப்போதும் விட்டுப்போகிறது.

திருச்சியில் இன்று அச்சோவியம் பார்க்க இடம் ஏது? ராணி மங்கம்மாள் மண்டபத்து அரசு அருங்காட்சியகம் சிலைக்கும் நாணயத்துக்குமான இடம். கலைக்காவிரி இசையும் நடனமும் சொல்லித்தரும் கல்லூரி. அரசு கவின் கலைக் கல்லூரிக்குக் கும்பகோணம் போக வேண்டும். அச்சோவியப் பட்டறை வேண்டுமென்றால் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையம். பணிக்கர் தலைமுறைச் சென்னை ஓவியர்களின் படங்களைச் சேர்த்துப் பார்க்கச் சோழமண்டலம். நான்கைந்து லட்சம் ரூபாய் ஓவியம் வாங்க முடியாத, ஆனால் அசல் ஒன்றை வீட்டில் வைக்க ஆசைப்படுகிற நடுத்தர வர்க்கத்துக்காகவே அமைந்தது அச்சோவியம். பாய்லர் தொழிற்சாலை, கல்லூரிகள், மருத்துவமனைகள் என்று அந்த வர்க்கம் திருச்சியில் நிறையவே இருக்கிறது. அவர்களிடம் போய்ச் சேரும் பொருள்தான் இல்லை.

அந்த வெற்றிடத்தில் இப்போது டிஜிட்டல் அச்சு புகுந்திருக்கிறது. ஓர் ஓவியத்தைப் புகைப்படமெடுத்து, இங்க்ஜெட்டில் கேன்வாஸ்மேல் அடித்து, ஓவியரின் கையொப்பத்தோடு "லிமிடெட் எடிஷன்" என்று விற்கிறார்கள். விற்பதில் தவறில்லை, அச்சோவியத்தின் விலையைச் சொல்வதில்தான் தவறு. வாங்குகிறவர் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துப் போவது நல்லது. ஆஃப்செட் என்றால் நான்கு வண்ணப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும், இங்க்ஜெட் என்றால் மைத்துளிகள் தூவியதுபோல் தெரியும். கல்லச்சில் இரண்டும் இருக்காது; கல்லின் சொரசொரப்பில் கிரேயான் தொட்டும் தொடாமலும் போன மணல் போன்ற தடம் தெரியும், ஒரு வண்ணம் இன்னொன்றின்மேல் முழுதாகப் படர்ந்திருக்கும். கீழ் ஓரத்தில் பென்சிலில் 12/40 என்பதுபோல எழுதியிருந்தால், நாற்பதில் பன்னிரண்டாவது பிரதி என்று பொருள். நாற்பதும் அடித்து முடிந்ததும் கார்போரண்டம் பொடி தூவித் தேய்த்து அந்தக் கல்லைச் சுத்தமாக்கி, அடுத்த ஓவியருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கடைக்காரரிடம் "மூல ஓவியம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு முகவரியைச் சொன்னால், கையில் இருப்பது நகல்.